சான் சபா வெள்ளிச் சுரங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அது என்ன சுரங்கம்? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் சபா ஆற்றை ஒட்டி ஸ்பானியர்கள் ஒரு வெள்ளிச் சுரங்கம் வைத்திருந்தார்கள் என்றும், பழங்குடிகளின் தாக்குதலுக்குப் பிறகு அது மூடுண்டு தொலைந்துபோனது என்றும் இருநூறு வருடமாக ஒரு நம்பிக்கை உண்டு. சான் சபா சுரங்கம், போவி சுரங்கம், லோஸ் அல்மாக்ரேஸ் என்று அதற்குப் பெயர்கள் பல. அதைத் தேடி வீட்டையும் நிலத்தையும் விற்றவர்கள் இருக்கிறார்கள்.

பல வருடமாக இதைப் படித்துவருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுரங்கம் உண்மை. இடமும் தெரியும். ஆனால் அது சான் சபா ஆற்றங்கரையில் இல்லை. ஸ்பானியர்களின் சான் சபா கோட்டை ஓரிடம், தாது வேறோரிடம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மக்கள் தவறான ஆற்றில் தேடினார்கள். அதனால்தான் அது தொலைந்தது.

இதற்கு எழுத்துச் சான்று உண்டா, வாய்வழிக் கதைதானா?

உண்டு, அதுவும் நாள் குறித்த சான்று. 1756 பிப்ரவரி 17 அன்று, இன்று சான் அந்தோனியோ என்று அழைக்கப்படும் ஊரிலிருந்து பெர்னார்தோ தே மிராண்டா என்ற அதிகாரி புறப்பட்டார். அப்போது ஸ்பெயினின் கையில் இருந்த டெக்சாஸ் மாகாணத்தின் துணை ஆளுநர். ஆளுநர் ஹசிந்தோ தே பார்ரியோஸ் அனுப்பித்தான் போனார். படைவீரர்கள் பதினாறு பேர், ஊர்க்காரர்கள் ஐந்து பேர், ஒரு மொழிபெயர்ப்பாளர், மண் வெட்டச் சில கூலியாட்கள். கனிமம் இருக்கும் மலை பற்றி அப்பாச்சி மக்கள் சொன்ன தகவல் ஏற்கெனவே ஊரில் உலவிக்கொண்டிருந்தது.

மிராண்டா நாட்குறிப்பு எழுதிக்கொண்டே போனார். வழியில் கடந்த ஓடைகள், அவற்றுக்கிடையே எத்தனை காதம், எந்தத் திசை என்று எல்லாம் இருக்கிறது. கடைசியில் ஒரு சிவந்த குன்றை அடைந்து, அங்கே குழி தோண்டவைத்து, பெரும் தாதுப் படிவத்தைக் கண்டதாக எழுதினார். அறிக்கையில் அவர் தந்த உறுதிமொழிதான் பின்னால் எல்லோரையும் பைத்தியமாக அடித்தது. டெக்சாஸ் மாகாணத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆளுக்கொரு சுரங்கப் பங்கு கொடுக்கும் அளவுக்கு அங்கே தாது இருக்கிறதாம்.

அந்த மாகாணத்தில் அப்போது ஸ்பானியக் குடிகள் சில ஆயிரம் பேருக்கு மேல் இல்லை என்றாலும், அவர் மாதிரிக்கு எடுத்துவந்த மூன்று பவுண்டுத் தாதுவைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய வாக்குறுதி அல்ல அது.

"அல்மாக்ரே" என்றால் வெள்ளியா?

இல்லை. பலரும் தவறவிடும் முதல் துப்பே இந்தப் பெயர்தான். அல்மாக்ரே என்ற ஸ்பானியச் சொல்லுக்கு நம் ஊரில் நேரடியாகவே ஒரு சொல் இருக்கிறது: காவிக்கல். மதில்சுவரில் பட்டை அடிக்கவும் கோலத்துக்குக் கரை கட்டவும் கரைத்தெடுப்போமே, அதே சிவப்பு. இரும்பு ஆக்சைடு. மிராண்டா கண்டது ஒரு காவிக் குன்று.

நாட்டுமருந்துக் கடையில் ஒரு துண்டு காவிக்கல் வாங்கி அம்மியில் நீர்விட்டு உரைத்துப் பார்த்தேன். இரண்டு இழுப்பிலேயே விரலெல்லாம் இரத்தம்போல் ஆகிவிட்டது. நகக்கண்ணில் ஏறிய சிவப்பு மறுநாள் குளித்தபிறகும் போகவில்லை. இப்படி ஒரு முழுக் குன்றைக் குதிரைமேல் வருகிறவன் தூரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

சிவப்பு மண்ணைக் கண்டு வெள்ளி என்று நினைப்பது முட்டாள்தனம் இல்லையா?

இல்லை. மிராண்டாவுக்காக இதை அழுத்தியே சொல்லவேண்டும். கந்தகம் கலந்த உலோகத் தாது நிலத்தின் மேற்பரப்பில் வெயிலும் மழையும் பட்டு உளுத்துப்போகும்போது, அதிலுள்ள இரும்பு துருவாகி மேலே சிவந்த மூடிபோல் தங்கிவிடும். அடியில் வெள்ளியும் ஈயமும் இருக்கலாம். மெக்சிகோவின் சுரங்கத் தொழிலாளிகள் இந்தச் சிவந்த மேல்தாதுவுக்கு "கொலராதோஸ்", அதாவது செந்நிறத்தவை என்றே பெயர் வைத்திருந்தார்கள். அடியிலுள்ள கறுத்த தாது "நெக்ரோஸ்". சக்கதேக்காஸில் 1546-இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது முதல் இருநூறு வருட அனுபவம் அந்த மண்ணில் இருந்தது. சிவப்பைப் பார்த்தால் தோண்டு என்பது அவர்களுக்குப் பாலபாடம்.

சிக்கல் என்னவென்றால் எல்லாச் சிவப்பும் அப்படி வந்ததல்ல. இரும்பு மிகுந்த பாறை, வெள்ளி இல்லாமலும் துருப்பிடிக்கும்.

எடுத்துவந்த தாதுவைச் சோதித்தார்களா?

சோதித்தார்கள். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது.

மிராண்டா கொண்டுவந்த மாதிரி மூன்று பவுண்டு. ஒன்றரைக் கிலோகூட வராது. அது மெக்சிகோ நகரில் மானுவேல் தே அல்தாக்கோ என்ற செல்வாக்குள்ள சுரங்க முதலாளியின் கைக்குப் போனது. அவர் நிதானமான மனிதர். இந்தச் சிறு துண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, முப்பது பொதித் தாதுவைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி மசாப்பிலுக்கு அனுப்புங்கள், அங்கே உருக்கிப் பார்க்கலாம் என்றார். மசாப்பில் சக்கதேக்காஸ் பகுதியின் சுரங்க ஊர். அந்தக் குன்றிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலே 700 கிலோமீட்டருக்கு மேல். பாதையிலோ தண்ணீரும் இல்லை, காவலும் இல்லை.

மிராண்டா ஒரு பேரம் பேசினார். குன்றருகே முப்பது வீரர்களோடு ஒரு கோட்டை கட்டி என்னை அதன் தலைவனாக்குங்கள், பொதிச் செலவை நான் ஏற்கிறேன் என்றார். 1757 நவம்பரில் அரசப் பிரதிநிதி அதற்கு ஒப்புதலும் கொடுத்துவிட்டார். நான்கே மாதத்தில் எல்லாம் கவிழ்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கிடையில் இன்னொருவரும் உருக்கிப் பார்த்தார். கர்னல் தியேகோ ஓர்த்திஸ் பார்ரீயா, சான் சபா கோட்டையின் தளபதி. அல்மாக்ரேஸ் தாதுவை வரவழைத்து ஆற்றங்கரையில் சிறு உலை போட்டார். 75 பவுண்டுத் தாதுவுக்கு ஒன்றரை அவுன்ஸ் வெள்ளி என்று கணக்கு எழுதினார்.

ஒன்றரை அவுன்ஸா? அவ்வளவுதானா?

எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். 75 பவுண்டு என்றால் 1200 அவுன்ஸ். அதில் ஒன்றரை என்றால் 800-இல் ஒரு பங்கு. ஒரு டன்னுக்கு ஒன்றேகால் கிலோ வெள்ளி.

கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றரை அவுன்ஸ் என்பது நாற்பத்துமூன்று கிராம், ஒரு சிறுபிள்ளையின் கொலுசு. அதற்காக முப்பத்துநான்கு கிலோ கல்லை இடித்து உருக்கவேண்டும். அப்படிச் சொன்னால் கேவலமாகத்தான் தெரியும். ஆனால் டன் கணக்கில் இது நல்ல தாது. இன்றைய சுரங்க நிறுவனங்கள் இதைவிடப் பல மடங்கு மெலிந்த தாதுவையும் தோண்டுகின்றன. பார்ரீயா தன் படையோடு அல்மாக்ரேஸுக்கே இடம்மாறிவிட விரும்பியதில் வியப்பில்லை.

ஒரே எச்சரிக்கை: சோதனைக்குக் கல் பொறுக்குகிறவன் பளபளப்பானதைத்தான் பொறுக்குவான். எழுபத்தைந்து பவுண்டு சொல்வது அந்த எழுபத்தைந்து பவுண்டைப் பற்றி மட்டுமே. அல்தாக்கோ முப்பது பொதி கேட்டது இதற்காகத்தான். அந்த முப்பது பொதியும் மசாப்பிலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் இந்தப் பக்கத்தை எழுதவேண்டிய தேவையே இருந்திருக்காது.

ஏன் கைவிட்டார்கள்?

1757 ஏப்ரலில் சான் சபா ஆற்றின் தென்கரையில், அப்பாச்சிகளை மதம் மாற்றுவதற்காக பிரான்சிஸ்கன் துறவிகள் ஒரு மிஷன் அமைத்தார்கள். சில மைல் தள்ளி எதிர்க்கரையில் பார்ரீயாவின் கோட்டை. அப்பாச்சிகளின் பகைவர்களான கோமாஞ்சிகளும் அவர்களோடு சேர்ந்த வடக்கத்திய குலங்களும் இதைத் தங்களுக்கு எதிரான கூட்டணியாகவே பார்த்தார்கள். 1758 மார்ச் 16 அன்று, சுமார் இரண்டாயிரம் பேர் வந்து மிஷனை எரித்தார்கள். மிஷன் தலைவர் அலோன்சோ ஹிரால்தோ தே தெர்ரேரோஸ் உட்பட இரண்டு பாதிரியார்கள் கொல்லப்பட்டனர். பழிவாங்க 1759-இல் பார்ரீயா சிவப்பு ஆறு வரை படையெடுத்துப்போய்த் தோற்றுத் திரும்பினார். பிறகு அவருக்குப் பதில் வேறொருவர் வந்தார்.

அதற்குப்பின் அல்மாக்ரேஸ் குன்றில் நின்று நிம்மதியாகக் கல்லுடைக்க யாருக்கு முடியும்? வெள்ளி எடுப்பதென்றால் கடப்பாரை மட்டும் போதாது. தாதுவை அரைக்கக் கழுதைகள், அதிலிருந்து வெள்ளியைப் பிரிக்க உப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதரசம் வேண்டும். பாதரச விற்பனை அரசின் ஏகபோகம். பெரும்பகுதி ஸ்பெயினின் அல்மாதேனிலிருந்து கடல்தாண்டி வரவேண்டும். கோட்டைக்குள்ளேயே உயிருக்கு அஞ்சி இருந்தவர்களுக்கு இதெல்லாம் நடக்கிற காரியம் அல்ல. 1770-களின் தொடக்கத்துக்குள் சான் சபா கோட்டையும் காலியானது.

மிஷனுக்குப் பணம் கொடுத்தவர் வெள்ளி முதலாளியாமே? அப்படியென்றால் மிஷன் வெறும் திரையா?

கொல்லப்பட்ட பாதிரியாரின் உறவினர் பெத்ரோ ரொமேரோ தே தெர்ரேரோஸ், மெக்சிகோவின் ரியால் தெல் மொந்தே சுரங்கங்களால் பெரும் செல்வரானவர். மிஷனின் செலவை மூன்று வருடம் ஏற்பதாக அவர்தான் வாக்குக் கொடுத்தார். வெள்ளி முதலாளி, வெள்ளி இருக்கும் மலை, இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு மிஷன். முடிச்சுப் போடக் கை துடிக்கும்தான்.

நான் போடமாட்டேன். உறவினர் இறந்தபிறகு அவர் செய்தது என்ன என்று பாருங்கள்: அந்த அழிவைப் பெரிய ஓவியமாகத் தீட்டச் சொன்னார். இரண்டு பாதிரியார்களும் இரத்தம் வழிய இரு பக்கமும் நிற்க, நடுவில் மிஷன் எரிகிறது. ஹோசே தே பாயெஸ் வரைந்தது என்று சொல்வார்கள். டெக்சாசில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அந்தக் காலத்திலேயே காட்டும் மிக அரிய படம். அதைப் பார்த்தபிறகு, இவர் வெள்ளிக்காக மட்டும் பணம் போட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜேம்ஸ் போவி அந்தச் சுரங்கத்தைக் கண்டாரா?

போவி பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற அமெரிக்க எல்லைப்புற வீரர். கதை இப்படிப் போகிறது. போவி லிப்பான் அப்பாச்சிகளோடு பழகி அவர்களில் ஒருவராகி, வெள்ளி குவிந்திருக்கும் குகையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். திரும்பிப் போய் அள்ளுவதற்குள் 1836 மார்ச் 6 அன்று அலமோ கோட்டைப் போரில் இறந்தார். இரகசியமும் அவரோடு போனது.

ஆவணம் சொல்வது வேறு. 1831 நவம்பரில் போவியும் அண்ணன் ரெசினும் மற்றவர்களுமாகப் பதினொரு பேர், சான் சபாவின் பழைய வெள்ளிச் சுரங்கத்தைத் தேடிப் புறப்பட்டது உண்மை. நோக்கம் அதுதான் என்று ரெசினே பின்னர் எழுதி, அது 1833-இல் பிலடெல்பியாவில் அச்சாகியிருக்கிறது. சுரங்கத்தை எட்டுமுன்பே நூற்றறுபதுக்கும் மேற்பட்ட தவாக்கோனி, வேக்கோ, காடோ வீரர்கள் அவர்களை மறித்தார்கள். நாள் முழுக்கச் சண்டை. ஓர் ஆள் இறந்தார், சிலர் காயமடைந்தார்கள். வெறுங்கையோடு சான் அந்தோனியோவுக்குத் திரும்பினார்கள்.

ஏற்கெனவே கண்டவன் இப்படித் தேடிக்கொண்டு போகமாட்டான்.

கோட்டை வாசலில் போவியின் பெயர் செதுக்கியிருக்கிறதே?

இருக்கிறது. வாயில் கல்லில் போவி என்ற பெயரும் 1829 என்ற ஆண்டும் உண்டு. ஆனால் அந்தக் கல் ஒரு வருகைப்பதிவேடு மாதிரி: 1810, 1840 என்று வேறு ஆட்களின் பெயர்களும் அதில் இருந்தன. போவி 1828-இல் டெக்சாஸ் வந்தார், பிறகு லூயிசியானாவுக்குத் திரும்பிவிட்டார், குடியேறியது 1830-இல்தான். 1829-இல் அவர் சான் சபாவில் நின்றார் என்று காட்ட அந்தக் கல்லைத் தவிர வேறெதுவும் கிடையாது. போவி புகழ்பெற்றபின் யாரோ வெட்டியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். அதைச் சுரங்கத்துக்கு வழிகாட்டும் குறி என்று எடுத்துக்கொண்டு சுற்றிலும் எவ்வளவு மண்ணைப் புரட்டினார்கள் தெரியுமா! கோட்டைச் சுவர்களையே பெயர்த்துப் பார்த்தார்கள். பாழான கோட்டைக்குப் புதையல் வேட்டைக்காரர்கள் செய்த சேதம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்போதே ஒரு நிலவியலாளர் போய்ப் பார்த்ததாகச் சொல்கிறார்களே?

ஆமாம், ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் ரோமர். 1847 தொடக்கத்தில், கோமாஞ்சிகளோடு உடன்படிக்கை பேசப்போன மொய்செபாக்கின் குழுவோடு சேர்ந்து சான் சபா கோட்டைக்குப் போனார். வெள்ளிக்கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உலையின் சுவடு, கசடு, தாது ஏதாவது தெரிகிறதா என்று தேடினார். எதுவும் இல்லை. சுற்றிலும் சுண்ணாம்புக்கல்தான் என்று குறித்தார்.

இந்தச் சுண்ணாம்புக்கல்தான் இரண்டாவது பெரிய துப்பு. கோட்டை நிற்பது கடலடிச் சேறு இறுகி உண்டான இளம் பாறைமேல். கிழக்கே லானோ பகுதியிலோ நூறு கோடி வருடத்துக்கும் பழைய கிரானைட்டும் படலப்பாறையும் ஒரு பெரிய வட்டமாக மேலே தலைகாட்டி நிற்கின்றன. ஆஸ்டின் நகரச் சட்டமன்றக் கட்டடத்தின் இளஞ்சிவப்புக் கிரானைட் அந்த வட்டாரத்துக் கல். இரும்பும் பலவகைக் கனிமமும் அங்கேதான். மிராண்டாவின் சிவந்த குன்று எந்தப் பாறையில் இருக்க முடியும் என்பதை மண்ணே சொல்லிவிட்டது.

பார்ரீயாவின் உலை ஏன் ரோமரின் கண்ணில் படவில்லை? எழுபத்தைந்து பவுண்டு உருக்கிய அடுப்பின் தடம் தொண்ணூறு வருட வெள்ளத்துக்கு மிஞ்சுமா, சொல்லுங்கள்.

சரி, உண்மையான இடத்தை யார் கண்டுபிடித்தது? எப்படி?

ஹெர்பர்ட் போல்டன் என்ற வரலாற்று ஆசிரியர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது மெக்சிகோவின் ஆவணக் காப்பகங்களுக்குப் போய்ப் பழைய கட்டுகளைப் புரட்டுவது அவர் வழக்கம். மிராண்டாவின் அறிக்கை கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடை ஓடையாக நிலத்தோடு ஒப்பிட்டார். லானோ கவுண்டியில், ஹனி கிரீக் என்ற ஓடையருகே, ரைலி மலையடியில் இருந்த பழைய குழி மிராண்டா வருணித்ததோடு பொருந்தியது. உள்ளூரில் அதை பாய்ட் குழி என்பார்கள்.

நானும் வரைபடத்தை விரித்து நூல் வைத்து அளந்தேன். சான் அந்தோனியோவில் ஒரு குண்டூசி, ஹனி கிரீக்கில் ஒன்று, மெனார்ட் ஊருக்குப் பக்கத்தில் கோட்டை இருக்குமிடத்தில் ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குச் சுமார் 140 கிலோமீட்டர், ஏறக்குறைய நேர் வடக்கு. வழியில் குவாதலூப்பேயும் பெதர்னாலெஸும் குறுக்கிடுகின்றன. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குச் சுமார் 120 கிலோமீட்டர் மேற்கே! தலைமுறை தலைமுறையாகத் தேடியவர்கள் அத்தனை தூரம் தள்ளி நின்று தோண்டியிருக்கிறார்கள். தாதுவை உருக்கிய கோட்டையின் பெயர் தாதுவுக்கே ஒட்டிக்கொண்டது. 1820-களிலும் 30-களிலும் டெக்சாசில் குடியேற ஆள் சேர்த்தவர்களும், வரைபடம் அச்சிட்டவர்களும் "வெள்ளிச் சுரங்கம்" என்று சான் சபா பக்கமே குறித்துவிட்டார்கள். மிராண்டாவின் தாள்களோ மெக்சிகோவில் கட்டுக்குள் கிடந்தன.

அங்கே வெள்ளி இருந்ததா, இல்லையா?

விலைக்கு ஆகும் அளவில் இல்லை. லானோ பகுதியைப் பிற்காலத்தில் நிலவியலாளர்கள் நன்றாகவே ஆராய்ந்துவிட்டார்கள். இரும்பு உண்டு, அபூர்வக் கனிமங்கள் உண்டு, வெள்ளி வெறும் சுவடுதான். டெக்சாசின் உண்மையான வெள்ளி 550 கிலோமீட்டர் மேற்கே, ரியோ கிராண்டே பக்கம் ஷாஃப்டர் என்ற இடத்தில் கிடைத்தது. 1880-களிலிருந்து 1942 வரை அங்கே 3 கோடி அவுன்சுக்கு மேல் எடுத்தார்கள். அதற்குக் கதையுமில்லை, தேடலுமில்லை. கண்டார்கள், தோண்டினார்கள், மூடினார்கள்.

குகை நிறைய வெள்ளிக் கட்டிகளைப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்பது?

சோதனை உருக்கலுக்கு அப்பால் எதுவுமே நடக்காத இடத்தில் கட்டிக்கு எங்கே போவது? முப்பது பொதித் தாதுவையே அவர்களால் அனுப்பமுடியவில்லை.

மிஷனின் இடமும் தொலைந்திருந்ததாமே?

ஆமாம், இதைக் கேட்கும் ஒவ்வொருவரிடமும் எனக்கு மகிழ்ச்சி. கோட்டை கல்லால் ஆனது, நின்றது. மிஷன் மரமும் மண்ணும். எரிந்தபின் தடமே இல்லை. அதையும் பலர் தேடித் தோற்றார்கள். கடைசியில் பழைய அறிக்கைகளில் இருந்த தூரங்களையும் ஆற்றின் வளைவுகளையும் ஒப்பிட்டு ஒரு சிறு குழு உழுத வயல் ஒன்றுக்கு வந்துசேர்ந்தது. 1994 தொடக்கத்தில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அங்கே தோண்டினார்கள். குச்சிச் சுவரில் பூசிய களிமண், தீயில் வெந்து செங்கல்லாகி, குச்சியின் பள்ளம் அப்படியே பதிந்தபடி கிடைத்தது. ஸ்பானியப் பானையோடுகளும் ஈயக் குண்டுகளும் கூடவே வந்தன. மிஷனை எரித்த தீதான் அந்தக் களிமண்ணைக் கரையாமல் காத்திருக்கிறது.

நேரில் போய்ப் பார்க்கலாமா?

மெனார்ட் ஊருக்குச் சற்று மேற்கே கோட்டையின் இடிபாடு இருக்கிறது. 1936-இல் டெக்சாஸ் நூற்றாண்டு விழாவுக்காக ஒரு பகுதியைத் திரும்பக் கட்டினார்கள். தாராளமாகச் சுற்றிப் பார்க்கலாம். ஹனி கிரீக் பக்கம் தனியார் பண்ணைகள். உரிமையாளர் அனுமதி இல்லாமல் வேலி தாண்டாதீர்கள். பழைய குழிகளின் விளிம்பு எப்போது சரியும் என்று யாருக்கும் தெரியாது. உலோகம் காட்டும் கருவியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கோட்டைக்குப் போகிறவர்கள் வாயில் கல்லைப் பார்த்ததும் கிழக்குப் பக்கம் திரும்பி ஒரு நிமிடம் நில்லுங்கள். பார்ரீயாவின் உலைக்குத் தாது வந்த திசை அது.